பவளநாச்சியாரின் தொண்டை

“பவளநாச்சியாருக்குத் தொண்டையில உருண்டை கிடையாது!” என்று துணிக்கடை தாவூத் நானா மேசையைத் தட்டினார். “இவனைப் பாருங்க. எச்சில் முழுங்கினா ஸ்டேஷன் கைகாட்டி மாதிரி ஏறி இறங்குது.”

மேடையில் நின்றிருந்த ராதாகிருஷ்ணன் சட்டென்று தொண்டையைக் கையால் மூடிக்கொண்டான். பிரிக்பீல்ட்ஸில் எந்த நாடகம் போட்டாலும் பன்னிரண்டு வருஷமாகப் பெண்வேஷம் அவனுக்குத்தான். பகலில் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி, மாலையில் ராணி.

“ரெண்டு வருஷமா மரவள்ளிக்கிழங்கு தின்னா யாருக்குத்தான் தொண்டை துருத்தாது, நானா?” என்றான் பரிதாபமாக.

“மத்தவங்க தொண்டை எப்படியும் போகட்டும். ராணி தொண்டை போகக்கூடாது.”

கூட்டம் கைதட்டியது. நாடகத்தை எழுதி நடத்துகிற பக்கிரிசாமி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பக்கிரிசாமி ரயில்வேயில் சிக்னல் பிட்டர். கம்பி, நெம்புகோல், கப்பி என்று எதைக் கொடுத்தாலும் ஓடவைத்துவிடுவார். மனிதர்களையும் அப்படி ஓடவைக்கலாம் என்று நம்பியதுதான் அவர் செய்த பிழை.

இந்த ஜனங்கள் ஏன் ஒரு தொண்டைக்காக இப்படிச் சண்டை போட்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். போருக்கு முன்பு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் பத்திரிகை வரும். அதில் தொடராக வந்த சரித்திரக் கதைதான் பவளநாச்சியார். கடற்கரைக் கோட்டையை ஒற்றை ஆளாகக் காத்த ராணியின் கதை. ஜப்பான்காரன் வந்தான், கப்பல் நின்றது, பத்திரிகையும் நின்றது. யாரோ புண்ணியவான் பழைய இதழ்களைச் சேர்த்துப் பைண்டு செய்திருந்தார். படிக்க வேறு எதுவும் இல்லாததால் அந்த ஒரே புத்தகம் வீடு வீடாகப் போனது. ஒவ்வொருவரும் எட்டுத் தடவை, பத்துத் தடவை படித்துவிட்டார்கள். இப்படிப் படித்தவனுக்குக் கதை மனப்பாடம் ஆவதோடு நிற்காது. ராணி அவன் சொந்தக்காரியாகிவிடுவாள்.

அந்தக் கதையை மேடையேற்றப் பக்கிரிசாமி முடிவு செய்ததற்குக் காரணம் இருந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸில் பதினான்கு வீட்டு ஆண்களைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, ஒத்திகை நடக்கும் மண்டபத்துப் பின்கட்டில் இராஜம்மா தினமும் கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் புருஷனும் சயாமுக்குப் போனவர்களில் ஒருவன். கஞ்சிக்கு அரிசி தீர்ந்துகொண்டே வந்தது. ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டைக் கொடுத்தால் பாசாரில் எவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே நாடகத்துக்கு டிக்கெட் கிடையாது. ஆளுக்கு ஒரு பால்டின் அளவு அரிசி, இல்லையென்றால் அதற்கு ஈடாகக் கிழங்கு.

அரசாங்க அனுமதியும் கிடைத்திருந்தது. ஒத்திகைக் கூட்டத்துக்கு மாதம் முழுக்க, நாடகத்துக்கு ஒரே ஒரு நாள். ஆனால் யார் யாருக்கு என்ன வேஷம் என்ற பட்டியலை இருபத்தைந்தாம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். தப்பினால் நாடகம் ரத்து. தேதி அன்றைக்கு ஐந்து.

“சரி, ராணிக்கு அகலமா ஒரு அட்டிகை போட்டுடுவோம்,” என்றார் பக்கிரிசாமி. “தொண்டை மறைஞ்சிடும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று பக்கிரிசாமி நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் கிள்ளானிலிருந்து ஒரு லோரி ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

அது இரண்டு ஊருக்கும் இடையே ஓடும் கருவாட்டு லோரி. பெட்ரோல் இல்லாத காலம், ஆகவே பின்னால் ஒரு பீப்பாயில் கரியை மூட்டி, அதில் வரும் வாயுவைக் குழாய் வழியாக எஞ்சினுக்குள் விட்டு ஓட்டுவார்கள். சமவெளியில் லோரி ஆட்களை இழுக்கும், மேட்டில் ஆட்கள் லோரியைத் தள்ளுவார்கள். அப்படி இருபது மைல் தள்ளிக்கொண்டு வந்தவர்களுக்குத் தலைவன் விஜயன்.

“அட்டிகைன்னு கேள்விப்பட்டோம்,” என்றான் அவன், முகத்துக் கரியைத் துடைத்தபடி. “பதினாலாம் அத்தியாயத்துல அட்டிகையைக் கழட்டி மீனவப் பொண்ணுக்குக் கொடுத்துடறாங்க. அதுக்கப்புறம் ராணி கழுத்து மூளிதான். புத்தகம் படிச்சிருக்கீங்களா, இல்லையா?”

“நேத்து சாயங்காலம் பேசினது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று திகைத்தார் பக்கிரிசாமி.

“ராணி விஷயம்லா! தெரியாம இருக்குமா?”

இதற்கு ஒரே வழி, தொண்டை உருண்டை இல்லாத ஒருவரை ராணியாக்குவது. பக்கிரிசாமி தமிழ்ப் பள்ளி ஆசிரியை சந்திரகலாவைக் கேட்டார். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“எட்டு வருஷமா அறுபது பிள்ளைங்களை ஒத்தைக் குரல்ல அடக்கறேன். ஒரு கோட்டையைக் காக்க முடியாதா, சார்?”

தாவூத் நானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இதுதான் குரல்! இதுதான் நாச்சியார்!”

மூன்றாம் நாள் லோரி மறுபடி வந்தது. இந்தத் தடவை ஆட்கள் இரண்டு மடங்கு.

“குரல் சரி. உயரம்?” என்றான் விஜயன். “ராணி நின்னா பாய்மரத்துக்குப் பாதி இருப்பாங்கன்னு போட்டிருக்கு. டீச்சர் என் சைக்கிள் உயரம்லா!”

“அந்தச் சைக்கிள் மேல ஏறி நின்னு ஒண்ணு விட்டா உங்க கன்னம் எட்டுமா, எட்டாதா?” என்றார் சந்திரகலா.

கிள்ளான்காரர்களில் பாதிப்பேர் அந்த இடத்திலேயே டீச்சர் கட்சிக்கு மாறிவிட்டார்கள். ஆகவே ஒரு சண்டை இரண்டு சண்டையானது.

பக்கிரிசாமி இரவெல்லாம் யோசித்து ஓர் உபாயம் கண்டுபிடித்தார். தூரப் பயணத்தில் நடு ஸ்டேஷனில் எஞ்சினை மாற்றுவார்கள். பிரயாணி இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை, எஞ்சின் மாறியதும் அவனுக்குத் தெரிவதில்லை. அதுபோல முதல் பாதியில் சந்திரகலா ராணி. பின்பாதியில் போர்க்கவசம் வருகிறது, கவசம் தொண்டையை மூடிவிடும், ஆகவே ராதாகிருஷ்ணன் ராணி.

“இடைவேளையில ராணி நாலு அங்குலம் வளர்ந்துடுவாங்களோ?” என்றார் தாவூத் நானா.

“அரண்மனையில இன்னும் அரிசி கிடைக்குது போல, நானா,” என்றான் விஜயன். அன்றைக்கு அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு சிரிப்பில் மட்டும்தான்.

சந்திரகலா எழுந்தார். “சண்டை போடுற பாதி எனக்கில்லையா? அப்போ தாலாட்டுப் பாடவா என்னைக் கூப்பிட்டீங்க?”

ராதாகிருஷ்ணனும் எழுந்தான். “அண்ணே, அழுகைதான் என் பலம். பன்னிரண்டு வருஷமா இந்த ஊரையே அழவெச்சிருக்கேன். கவசத்துக்குள்ள அழுதா யாருக்குத் தெரியும்?”

இப்போது பார்ப்பவர்களோடு நடிப்பவர்களும் எதிரணியில்.

அப்போதுதான் பக்கிரிசாமிக்கு டோக்கன் நினைவு வந்தது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில் வந்தால் மோதிவிடும். அதைத் தடுக்க ஒரு டோக்கன் உண்டு. அது கையில் இல்லாமல் டிரைவர் ரயிலைக் கிளப்பக்கூடாது. டோக்கன் ஒன்றுதான், ஆகவே ரயிலும் ஒன்றுதான். எத்தனை அழகான ஏற்பாடு! ஒரு தேங்காய்ச் சிரட்டையை வட்டமாக அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவந்தார்.

“ஆட்சேபம் சொல்றவங்க கையில இது இருக்கணும். பின்கட்டுல இராஜம்மாகிட்ட அரை டின் அரிசியோ கிழங்கோ கொடுத்தாத்தான் இது கிடைக்கும்.”

சும்மா பேசுவார்கள், செலவு வைத்தால் வாயை மூடுவார்கள் என்பது அவர் கணக்கு.

நடந்தது வேறு. முன்பு ஐந்து பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். யார் சொன்னதும் யாருக்கும் கேட்காது, ஒரு மணி நேரத்தில் தொண்டை வறண்டு கலைந்துவிடுவார்கள். இப்போது ஒவ்வொருவராகப் பேசினார்கள். எல்லாம் தெளிவாகக் கேட்டது. தெளிவாகக் கேட்டதால் ஒவ்வொரு சொல்லுக்கும் மறுப்புச் சொல்ல ஆள் கிளம்பியது. பின்கட்டு வாசலில் வரிசை நின்றது.

“அண்ணே, போதும், உக்காருங்க.”

“ஏன் உக்காரணும்? டோக்கன் என் கையில. கிழங்கு என் வேலியில வெளைஞ்சது.”

பக்கிரிசாமி கட்டணத்தை முழு டின்னாக உயர்த்தினார். அதுதான் பெரிய தப்பு. அரை டின் கொடுத்தவன் கால் மணி நேரம் பேசினான் என்றால், முழு டின் கொடுத்தவன் அரை மணி நேரம் பேசினான். அதோடு கௌரவம் வேறு சேர்ந்துகொண்டது. “நேத்து பேசினவங்க எல்லாம் அரை டின் ஆளுங்க. நான் முழு டின்!” என்று ஆரம்பித்தார் தாவூத் நானா. துணிக்கடையில் துணியில்லாமல் இரண்டு வருஷமாகத் தலைகுனிந்து நடந்தவர், அன்றைக்கு ராணியின் நடையைத் தானே நடந்து காட்டினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. விஜயன் விடுவானா? “இது கிள்ளான் சார்பா!” என்று ஒரு கூடைக் கருவாட்டைப் பின்கட்டில் இறக்கிவிட்டு வந்து, ராணியின் கண் மீன் மாதிரி என்றால் எந்த மீன் என்று முக்கால் மணி நேரம் விளக்கினான்.

ஜப்பான்காரன் உத்தரவால் டோக்கியோ நேரப்படி ஓடும் கடிகாரம் ஏழு காட்டும், வானமோ ஐந்தரை என்னும். அந்த வெளிச்சத்தில் தினமும் மண்டபம் நிறைந்தது. சயாம், ரேஷன், ராணுவ லோரிச் சத்தம் எதுவும் அந்த நேரத்தில் யார் முகத்திலும் இல்லை. இவ்வளவு நுணுக்கமாகக் கதை படித்த ஜனம் வேறெங்கும் இருக்குமா என்று சில சமயம் பக்கிரிசாமிக்கே நெஞ்சு நிமிரும். உடனே கையிலிருக்கும் பட்டியல் கண்ணில் படும். வில்லன் முதல் வாயிற்காவலன் வரை எல்லாம் எழுதியாகிவிட்டது. முதல் வரி மட்டும் காலி.

இருபத்தைந்தாம் தேதி வந்தது. அன்றைக்குக் காலையிலேயே கூடிவிட்டார்கள், பேசியவர்கள் பத்தொன்பது பேர். கடைசி ஆள் உட்கார்ந்தபோது அரசாங்க ஆபீஸ் பூட்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை பக்கிரிசாமி பின்கட்டுக்குப் போனார். இருபது நாளாகக் கூட்டத்தைச் சமாளித்ததில் அந்தப் பக்கமே அவர் எட்டிப் பார்த்ததில்லை. இராஜம்மா பெரிய அண்டாவைத் துழாவிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் சிரட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“தங்கச்சி, என்னை மன்னிச்சிடு,” என்றார் பக்கிரிசாமி. “நாடகம் போச்சு. ஒரு ராணியைப் பிடிக்கத் துப்பில்லாமப் போச்சு எனக்கு. இந்தப் பிள்ளைங்க வயித்துல நானே மண்ணைப் போட்டுட்டேன்.”

இராஜம்மா துழாவுவதை நிறுத்தவில்லை.

“மண்டபத்துல எத்தனை பேரு உக்காரலாம் அண்ணே?”

“எண்பது பேரு.”

“எண்பது டின். ஒரு வாரக் கஞ்சி.”

“அதுவும் போச்சே!”

அவள் அகப்பையால் மூலையைக் காட்டினாள். பக்கிரிசாமி திரும்பிப் பார்த்தார். சுவரோரம் மார்பளவுக்குக் கிழங்கு. பக்கத்தில் மூன்று பீப்பாய் அரிசி. அதற்கு மேலே கயிற்றில் வரிசையாகக் கிள்ளான் கருவாடு. ஒரு பையன் கஞ்சியில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு ஏப்பம் விட்டான். ரொம்ப நாளாகப் பிரிக்பீல்ட்ஸில் கேட்காத சத்தம் அது.

பக்கிரிசாமி ஒரு கிழங்கைத் தொட்டுப் பார்த்தார். அவர் தொண்டை உருண்டை ஏறி இறங்கியது.

“இதெல்லாம்… சண்டை போட்டே வந்ததா?”

“பின்னே? ஆள் கூடினா அரிசியும் கூடும்னு முதல் நாளே கணக்குப் போட்டேன். ஒத்திகைக்கு அடுத்த மாசமும் அனுமதி எழுதிப் போடுங்க அண்ணே,” என்றாள் இராஜம்மா. “இத்தனை நாளும் நீங்க முடிவு பண்ண முடிவு பண்ண, கருவாட்டு லோரிக்காரன்கிட்ட கிள்ளானுக்குச் சொல்லியனுப்பினவ நான்தான், இன்னிக்குச் செந்தூல் ஊர்க்காரங்களுக்கும் சொல்லியனுப்பிட்டேன், வில்லனுக்கு மீசை கிடையாதுன்னு.”