முப்பத்தாறா, நாலா?

கல்கத்தாவில் காளிக்குப் பயப்படாதவர்கள்கூட எங்கள் பெருக்கலண்ணாவுக்குப் பயப்பட்டார்கள். பவானிப்பூரில் தமிழ்க் குமாஸ்தாக்கள் ஆறு பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்ட வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்த அன்று, பெட்டியைக்கூடக் கீழே வைக்கவிடாமல் அண்ணா ஒரு சிலேட்டை நீட்டினார். அதில் 48 ÷ 4 × 3 என்று எழுதியிருந்தது.

"ஓய், விடை என்ன?"

"முப்பத்தாறு."

"அந்த ஒழுகற மூலையில போய்ப் படும்."

அப்போதெல்லாம் புஸ்தகத்துக்குப் புஸ்தகம் விதி வேறு. இடமிருந்து வரிசையாகப் போடு என்றது ஒன்று. முதலில் பெருக்கு, அப்புறம் வகு என்றது இன்னொன்று. அண்ணா படித்தது இரண்டாவது. அவருக்கு விடை நாலு. டிராமில் பக்கத்து ஆசாமி முப்பத்தாறு என்றால் எழுந்து நின்றுகொண்டே கிதிர்ப்பூர் வரை போவார். விஜயதசமிக்குச் சந்தேஷ் மிட்டாய் கொண்டுவந்த பக்கத்து வீட்டு பாபுவும் முப்பத்தாறு என்று சொல்லித் தொலைத்தார். சந்தேஷ் திரும்பிப் போயிற்று. எங்கள் வாயில் மண்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. உத்தியோகம் நிரந்தரமானால்தான் பெண்ணைக் கல்கத்தாவுக்கு அனுப்புவேன் என்று அண்ணாவின் கும்பகோணத்து மாமனார் சொல்லியிருந்தார். அதற்கு ஆபீஸ் பரீட்சை தேற வேண்டும். பரீட்சைத் துரையோ இடமிருந்து வலம் போகிறவர். அண்ணா எல்லாக் கணக்கையும் தன் வழியில் போட்டு இரண்டு வருஷம் தோற்றார்.

"துரைக்காக ஒரு தடவை மாத்திப் போடுமேன்" என்று கெஞ்சினேன்.

"கணக்குக்கு ஏதுங்காணும் துரை?"

மூன்றாம் வருஷம் மாமனார் கடிதம் போட்டார். இந்தத் தடவையும் தவறினால் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடும்படி எழுதியிருந்தார். அண்ணா அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். பரீட்சை முடிந்து வந்தவர் சாப்பிடவில்லை.

"இடமிருந்து வலமாப் போட்டுட்டேன்" என்றார், திருடிவிட்டு வந்தவர் மாதிரி.

தேறிவிட்டார். அடுத்த மாதம் மன்னியை அழைத்துவர எல்லோரும் ஹௌரா ஸ்டேஷனுக்குப் போனோம். அவள் ரயிலைவிட்டு இறங்கியதும், அண்ணா சௌக்கியமா என்றுகூடக் கேட்காமல், "உனக்காக ஒரு பொய் எழுதிட்டேன்" என்று ஆரம்பித்து, டிரங்குப் பெட்டியின் தூசியில் விரலால் கணக்கையும் போட்டுக் காட்டினார்.

மன்னி பொறுமையாகக் கேட்டாள்.

"நேக்குக் கணக்கு தெரியாது. ரெண்டு வருஷமா நாலுன்னு எழுதினேளே, அப்போல்லாம் என் நினைப்பே வரலையா?"

அண்ணா விரல் தூசியை வேஷ்டியில் துடைத்துக்கொண்டார்.

"வந்துதுடி. எழுதிட்டு, ரெண்டு தடவையும் வெளியில வந்து அழுதேன்."

இத்தனை நாளும் அவரைக் கேலி செய்துகொண்டிருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடித்துப்போயிற்று. கூலியை விலகச் சொல்லிவிட்டு, அவர்கள் பெட்டியை நானே தலையில் தூக்கிக்கொண்டேன்.