பதினோராம் பக்கம் இல்லாத பேனை நிபுணன்

இருபத்திரண்டு வயதுவரை எனக்கென்று ஒரு மைப்பேனை இருந்ததில்லை. ஆனாலும் மன்னார்த் தீவிலேயே மைப்பேனைகளைப் பற்றி அதிகம் தெரிந்தவன் நான்தான். (இதைச் சொன்னவனும் நான்தான்.)

சண்டைக் காலம். கடையில் எதைக் கேட்டாலும் இல்லை என்பார்கள், இருப்பதைக் கிடைத்த கடுதாசியில் சுற்றித் தருவார்கள். அப்படி ஒரு நாள் கருவாட்டோடு வீட்டுக்கு வந்தது, ஏதோ வெளிநாட்டுப் பேனைக் கம்பனியின் பழைய விலைப்பட்டியல். நிப்பு மூடிய மாடல், திறந்த மாடல், வரி போட்ட மூடி, மங்கல் உருக்கு, வெள்ளி, தங்க முலாம் என்று எல்லாம் படத்தோடு இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் பாடமாக்கினேன். பதினோராம் பக்கம் இருந்த தாள் மட்டும் இல்லை. அது வேறு யாருடைய கருவாட்டோடோ போயிருக்க வேண்டும். அதில் பெரிதாக ஒன்றும் இருந்திராது என்று நானே முடிவு செய்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் கொழும்பில் கிளாக்கர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை. விதானையாரின் கடிதம் இல்லாமல் பயணப் பாஸ் இல்லை. (கிராம சேவகரை நாங்கள் விதானையார் என்றுதான் சொல்வோம்.) பாஸ் இல்லாமல் சோதனைச் சாவடி தாண்ட முடியாது. செவ்வாய் காலையே தோட்டவெளிக் கிராமத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறைதான் கந்தோர்; அரச அலுவலெல்லாம் அங்கேதான்.

கடிதத்தை எழுதி முடித்துவிட்டு, "இஞ்சேரும், அந்தப் பேனையை எடும்" என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா அலுமாரியைத் திறந்து, பட்டுத்துணியில் சுற்றிய ஒரு பேனையைக் கொண்டுவந்தார். கையெழுத்துக்கு மட்டும் வெளியே வருகிற பேனை அது. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ஐயா, இது நிப்பு மூடின மாடல். வரி போட்ட மூடி. வடிவான முலாம்."

"முலாமோ? தங்கமெல்லோ?"

மூடியை நகத்தால் ஒரு தட்டுத் தட்டினேன். (பட்டியலில் அப்படி ஒரு சோதனை கிடையாது. என் சொந்தக் கண்டுபிடிப்பு.)

"உள்ளுக்குப் பித்தளை ஐயா. இந்த மாடல் தங்கத்தில வரவே இல்லை."

விதானையார் பேனையை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"சீதனத்தில சைக்கிள் கேட்டனாங்கள். தங்கப் பேனை தாறம், சைக்கிளை விடுங்கோ எண்டு உங்கட அப்பாதானே சொன்னவர்?"

"அப்ப எங்கட அப்பா பொய் சொன்னவர் எண்டுறியளோ?"

"நான் சொல்லேல்லை. தம்பி சொல்லுது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மேலே ஆமி ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்து சுற்றியது. வேறு நாளென்றால் மூவரும் பங்கருக்குள் பாய்ந்திருப்போம். அன்று ஒருவரும் அசையவில்லை.

"பதினெட்டு வருசமா இரவல் சைக்கிளில திரியிறன்" என்றார் விதானையார்.

"ஐயா, என்ர கடிதம்..."

அவர் மனைவி பேனையையும் கந்தோர் முத்திரையையும் சேர்த்து அள்ளி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். "நகைக்கடையில உரைச்சுப் பாக்கிறன். அதுக்குப் பிறகு நீங்கள் ஆருக்கும் கையெழுத்து வையுங்கோ."

புதன் ஊரடங்கு. வியாழன் பின்னேரம்தான் நகைக்கடை திறந்தது. அவர்கள் பின்னால் நானும் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் சொன்னது பிழையாக இருக்க வேண்டும் என்று மாதாவை மன்றாடினேன். கடைக்காரர் மூடியின் விளிம்பிலிருந்த எறும்பளவு தங்க முத்திரையைப் பார்த்தார். உரைகல்லில் ஒரு கீறு கீறினார்.

"முழுத் தங்கம்."

பதினோராம் பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று அப்போது விளங்கியது.

கையெழுத்து அன்றைக்கே கிடைத்தது. ஆனால் பாஸ் கொடுக்கும் இடத்தைப் பூட்டிவிட்டார்கள், கொழும்பு பஸ்ஸும் காலையிலேயே போயிருந்தது. நேர்முகத்துக்கென்று அம்மா கரிப்பெட்டியால் மினுக்கி வைத்த சட்டை ஒரு கிழமை ஆணியில் தொங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

நாலு வருடம் கழித்து நான் கட்டியது, விதானையார் மனைவியின் தங்கச்சி மகளை. (அதாவது, நான் பித்தளை என்று சொன்ன பேனையைச் சீதனமாகக் கொடுத்த மனிதரின் பேத்தியை.) மாதா கோயிலில் விவாகப் பதிவில் ஒப்பமிடும் நேரம் அவளுடைய பெரியம்மா, அதுதான் விதானையார் மனைவி, முன்னால் வந்து பட்டுத்துணியை விரித்தார்.

"தங்கம்தான் தம்பி. பயப்பிடாமல் வையும்."

இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், அது சட்டியில் கிடப்பது விளைமீனா பாரையா என்பதாக இருந்தாலும் சரி, மனைவி நிமிராமலே கேட்பாள்: "அந்தப் பக்கம் இருக்கோ, கிழிஞ்சு போச்சோ?" பிள்ளைகளும் கேட்பார்கள். போன கிழமை, இன்றைக்கு மழை வராது என்றேன். மூன்று வயதுப் பேரனும் அதையே கேட்டான். அவனுக்கு இன்னும் வாசிக்கவே தெரியாது. நாங்கள் இருவரும் நனைந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தோம்.