நான் மொழிபெயர்த்த நேர்முகப் பரீட்சை

வாய் நீண்டவனிடம் அடுத்தவர் பேச்சை ஒப்படைக்கக் கூடாது. ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

புளத்கொகுபிட்டியப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றிலிருந்து கொழும்பின் பெரிய கம்பனி ஒன்றில் பட்டதாரிப் பயிலுநராகச் சேர்ந்த முதல் ஆள் நான். எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுப்பது என்று கம்பனி அப்போதுதான் தீர்மானித்திருந்தது. என் முகத்தைப் பெரிதாக அச்சடித்து லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியும் இருந்தார்கள். (முதலாம் மாடிக்குப் போவதற்கும் நான் லிஃப்டில்தான் போவேன்.)

அடுத்த வருடம் இரத்தினபுரியில் நேர்முகப் பரீட்சை. விரும்பிய மொழியில் பதில் சொல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள். தமிழ் கேட்டவள் ஒருத்திதான், ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தர்ஷினி. ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல என்னைக் கூட்டிப் போனார்கள். நம்ம பிள்ளையை எப்பாடு பட்டாவது உள்ளே இழுத்துப் போட்டுவிடுவது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். "அப்பா ஃபெக்டரியில மெக்கானிக். அம்மா கொழுந்து எடுக்கிறாங்க. எங்கள நல்லா படிக்க வச்சாங்க" என்றாள் தர்ஷினி. எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தச் சப்பைப் பதிலுக்கு எவன் வேலை கொடுப்பான்? குப்பி லாம்பு வெளிச்சத்தில், அரை வயிற்றுக் கஞ்சியோடு, அட்டை கடிக்கக் கடிக்கப் படித்த பெண் என்று ஆங்கிலத்தில் எடுத்துவிட்டேன். (எனக்கு வேலை வாங்கித் தந்ததும் இதே கஞ்சிதான்.) தேர்வுக் குழுத் தலைவி மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தர்ஷினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேடத்திடம், என்னுடையதைவிட நல்ல ஆங்கிலத்தில், "மன்னிக்கவும், எங்கள் வீட்டில் கரண்ட் இருக்கிறது. ஃப்ரிஜ்கூட இருக்கிறது" என்றாள்.

ஆங்கிலம் தெரிந்தும் ஏன் தமிழ் கேட்டாய் என்றார் மேடம். எது விருப்பம் என்று கேட்டீர்கள், எனக்குத் தமிழ்தான் விருப்பம் என்றாள்.

அவள் போன பிறகு மேடம் என் பக்கம் திரும்பினார். தமிழில் கஞ்சி என்றாள், ஆங்கிலத்தில் ஃப்ரிஜ் என்கிறாள், நம்மைச் சோதித்துப் பார்க்க வந்தாளோ, திமிர் பிடித்தவளோ என்று கேட்டார். அந்தக் கஞ்சி என் கைச்சரக்கு என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை.

"இருக்கலாம் மேடம்" என்றேன்.

அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் மனசு அறுக்கிறது.

சில வருடம் கழித்து கேகாலை பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். ஆசிரியை ஆகியிருந்தாள். என் மனைவி பக்கத்தில் நிற்க, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தர்ஷினி கோபப்படவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நான் சொன்னதுல என்ன கொறைஞ்சு போச்சுன்னு கூட்டிச் சொன்னீங்க?"

கேட்டுவிட்டு அவள் பஸ் ஏறிப் போனாள்.

மனைவி அதை வீட்டில் போய் ஒரு சொல் கூட்டாமல் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என்னிடம் யாரும் எதையும் சொல்லி அனுப்புவதில்லை. போன மாதம் அம்மாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் சிங்கள டாக்டர். அவர் பேசும் வேகம் அம்மாவுக்குப் பிடிபடாது என்று நான் எழுந்தேன்.

"நீ இரு. இல்லாத நோயெல்லாம் சேர்த்துச் சொல்லி என்னய வார்டுல போட வச்சிருவ" என்று சொல்லிவிட்டு, அம்மா மருமகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.