ஒரு தெருவுக்கே போணி கெடுத்த கதை

எனக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. ஆங்கிலத்தில் அச்சடித்து, ஓரத்தில் சுருள் கம்பி போட்டு யார் எதைக் கொடுத்தாலும் அப்படியே நம்பிவிடுவேன். அம்மா ஒன்று சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பேன். கம்பி போட்ட புத்தகம் சொன்னால் வாயே திறக்க மாட்டேன். இந்தக் குறையால் திருநெல்வேலி டவுனில் ஒரு முழுத் தெருவின் வியாபாரத்தையும் ஒரே காலையில் கவிழ்த்திருக்கிறேன். அந்தத் தெருவில்தான் என் அப்பாவின் பாத்திரக்கடையும் இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நம் நாட்டுக்குப் பட்டம் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு, பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு முன்னால் ஓராண்டு வணிகப் படிப்பு அங்கே நடந்தது. ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்பார்கள். பாதி வகுப்பறை, பாதி செய்முறை. தான்சானியா, நேபாளம், பூட்டான், மாலத்தீவு என்று பதினொரு பேர். நான் அவர்களுக்குச் செய்முறை டீச்சர். (என் வாழ்நாளில் நான் விற்ற ஒரே பொருள் என்னுடைய பழைய சைக்கிள். அதையும் அப்பாதான் விற்றுக் கொடுத்தார்.)

வருடக் கடைசியில் ஒவ்வொரு மாணவரும் ஒரு கடையில் ஒரு வாரம் வேலை பார்க்க வேண்டும். கடைக்காரர் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் கல்லூரியில் இடம். அதற்குக் கடைசி வாரம் வந்துவிட்டது.

பதினொரு பேருக்கும் இது முக்கியம்தான். தான்சானியாவிலிருந்து வந்த நீமாவுக்கோ இதை விட்டால் வேறு வழியே இல்லை. பத்தொன்பது வயதுப் பெண். அவள் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தார். இந்த வருடம் இடம் கிடைத்தால் அவள் படிப்பாள், கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும், அடுத்தது தம்பியின் முறை என்று வீட்டில் பேசி முடித்து அனுப்பியிருந்தார்கள். முதல் நாளே இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அப்பாவிடம் போய் நின்றேன். அவர் மறு பேச்சு பேசவில்லை. ரத வீதியில் கடைகடையாக ஏறி இறங்கினார். "எம் மவகிட்ட படிக்கிற பிள்ளைய வே, ஒரு வாரம் வச்சுக்கிடும்" என்று கேட்டுப் பத்து அண்ணாச்சிகளைச் சம்மதிக்க வைத்தார். பதினோராவது கடை அவருடையது. திங்கட்கிழமை வேலை ஆரம்பம்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை என் சுருள்கம்பிப் புத்தகம் குறுக்கே வந்தது.

ஏதோ ஒரு குளிர் நாட்டில் உட்கார்ந்து யாரோ எழுதிய செய்முறைக் கையேடு அது. அதில் 'சந்தை ஆய்வு' என்று ஒரு பயிற்சி. கடை திறந்த அரைமணி நேரத்துக்குள் போ, அப்போதுதான் கூட்டம் இருக்காது. விலை கேள். பேரம் பேசு. எவ்வளவு குறைக்கிறார்கள் என்று எழுதிக்கொள். எதையும் வாங்காதே. இதுதான் பயிற்சி. நான் இதைப் பிரதி எடுத்து, 'ஆளுக்கு எட்டுக் கடை' என்று என் சொந்த மூளையையும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தேன்.

போணி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? வியாபாரி வீட்டில் பிறந்தவள் நான். காலையில் கடையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, பத்தி கொளுத்தி வைத்துவிட்டு அப்பா வாசலைப் பார்த்து உட்கார்வார். முதலில் வருகிறவர் வாங்கிவிட்டால் அன்று முழுக்க வியாபாரம் ஓடும் என்று நம்பிக்கை. வாங்காமல் போனால் அன்றைய நாள் அவ்வளவுதான். முதல் ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்காக அடிமாட்டு விலைக்குக்கூடக் கொடுத்துவிடுவார்கள். மத்தியானம் அப்பா சாப்பிட வந்தால் அம்மா முதலில் கேட்பது, "போணி எப்படி?" என்பதைத்தான். இவ்வளவும் தெரிந்த புத்தி, அன்று காலை எங்கே மேயப் போயிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது மணிக்குப் பதினொரு பேரையும் தெருமுனையில் இறக்கிவிட்டு, நான் எதிரே ஒரு காப்பிக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். தெருவில் இருந்ததோ முப்பத்துச் சொச்சம் கடைகள். என் உத்தரவுப்படி ஒரு கடைக்கு இரண்டு மூன்று பேர் போயாக வேண்டும். போனார்கள். என் பிள்ளைகள் சொன்ன சொல் தட்டாதவர்கள்.

சுடலைமுத்து அண்ணாச்சியின் பாய்க்கடை என் கண்ணெதிரே இருந்தது. பூட்டான் பையன் உள்ளே நுழைந்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! மகாலட்சுமியே விமானம் ஏறி வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். ஏழு பாயை விரித்துக் காட்டினார். பையன் விலையை எழுதிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான். அண்ணாச்சி ஏழு பாயையும் சுருட்டி வைத்தார். பிறகு ஷட்டரை இறக்கினார். மறுபடி ஏற்றினார். மறுபடி தண்ணீர் தெளித்து, மறுபடி பத்தி கொளுத்தினார். அதாவது, அன்றைய நாளையே முதலிலிருந்து ஆரம்பிக்கிறாராம். அப்போது பார்த்து நேபாளப் பெண் நுழைந்தாள். அவளும் போனாள். மறுபடி ஷட்டர், தண்ணீர், பத்தி. மூன்றாவதாக மாலத்தீவுப் பையன் படியேறியபோது அண்ணாச்சி கையில் இருந்தது பத்தியில்லை, விளக்குமாறு.

'அடடா, வாடிக்கையாளர் சேவையில் குறை இருக்கிறதே' என்று நான் குறிப்பெடுத்தேன். (ஆமாம், எடுத்தேன். அந்தத் தாள் இன்னும் அம்மாவிடம் இருக்கிறது.)

போன் அடித்தது. அப்பா.

"ஏட்டி, எங்கன இருக்க?"

"காப்பிக்கடையிலப்பா. ஆய்வு நடக்கு."

"ஆய்வா? நான் அங்க வந்தா நல்லா இருக்காது. நீயே இங்க வா."

ஓடினேன். கடையில் அப்பா ஒரு குத்துவிளக்கைச் செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, முடிச்சுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். அந்த விளக்கைப் பேரம் பேசியது நீமா. வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்த தமிழில், "குறைச்சுக் குடுங்க அண்ணாச்சி" என்று ஐந்து முறை கேட்டிருக்கிறாள். போணியாயிற்றே என்று அப்பா அசல் விலைக்கும் கீழே இறங்கிவிட்டார். கட்டி முடித்ததும் அவள் அழகாகச் சிரித்து, "நன்றி அண்ணாச்சி, வாங்கலை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பத்து நிமிடத்தில் தெருவே அப்பா கடை வாசலில் நின்றது.

"வே, வெளிநாட்டுல இருந்து ஆள் எறக்கியா எங்க போணியக் கெடுக்கணும்? எங்கள என்னன்னு நெனச்சா ஒம்ம மவ?" சுடலைமுத்து அண்ணாச்சியின் கையில் இன்னும் விளக்குமாறு இருந்தது.

"தெரியாமச் செஞ்சுட்டா வே."

"யாரு, ஒம்ம மவளுக்கா தெரியாது? திங்கக்கெழம ஒரு பிள்ளையும் எங்க கடை ஏறக் கூடாது. சொல்லிட்டேன்!"

போதாக்குறைக்கு, சித்திரை வெயிலில் ஒரு பொட்டு மேகமில்லாமல் இருந்த வானம் பதினொரு மணிக்குக் கறுத்து, சாயங்காலம் வரை கொட்டித் தீர்த்தது. ஒரு ஈ காக்கைகூடக் கடைத்தெருவுக்கு வரவில்லை. மழைக்கும் நான்தான் பொறுப்பு என்று முடிவாயிற்று. அப்பா என்னைத் திட்டவேயில்லை. மத்தியானம் சாப்பிடவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போனேன். பதினொரு பேரையும் உட்கார வைத்து, போணி என்றால் என்னவென்று விளக்கி, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். கடைகள் கிடைக்காது என்று சொல்லும்போது நீமாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அவள் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், எங்க சித்தி சந்தையில மீன் விக்கிறாங்க. முதல்ல வந்த ஆள் வாங்காமப் போனா பின்னாடியே துரத்திக்கிட்டுப் போய்த் திட்டுவாங்க. இங்கேயும் அப்படித்தானா? இதை நீங்க நேத்தே சொல்லியிருக்கலாமே!"

நேபாளப் பெண்ணும், தங்கள் ஊரிலும் இது உண்டு என்றாள். ஆக, அந்த அறையில் பன்னிரண்டு பேரில் போணியை மறந்த ஒரே ஆள் டீச்சர்தான்.

"நாளைக்குக் காலையில போவோம்," என்றாள் நீமா. "முதல் ஆளாப் போவோம். விலையே கேக்கக் கூடாது. வாங்கணும். ஒரு கரண்டியாவது வாங்கணும்." அழுவாள் என்று நினைத்து நான் கைக்குட்டை கொண்டுபோயிருந்தேன். அது எனக்குத்தான் பயன்பட்டது.

திங்கட்கிழமை ஒன்பது மணி. சுடலைமுத்து அண்ணாச்சி நீமாவைப் பார்த்ததும் ஷட்டரைப் பிடித்து இழுத்தார். பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே அவள் குனிந்து, இரண்டு கையாலும் நூறு ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டி, "அண்ணாச்சி, போணி" என்றாள்.

ஷட்டர் அப்படியே நின்றது.

அவள் ஒரு சின்னத் தடுக்குப் பாயை எடுத்துக்கொண்டாள். விலை கேட்கவில்லை. அவர் நோட்டைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். அவள் படியிறங்குகிறாள், அந்த நேரம் ஒரு வேன் வந்து நிற்கிறது. களக்காட்டிலிருந்து கல்யாண வீட்டுக்காரர்கள். பந்திக்கும் பெண் வீட்டுச் சீருக்குமாகச் சேர்த்துப் பாய் வேண்டுமாம், வேன் கொள்ளும் அளவுக்கு!

"யாத்தே! கைராசிக்காரிலா இந்தப் பிள்ள!" என்று அண்ணாச்சி போட்ட சத்தம் நாலு ரத வீதிக்கும் கேட்டிருக்கும்.

மற்ற பத்துப் பேரும் கடைகடையாகப் போணி செய்துகொண்டிருக்க, நான் நீமாவிடம், "அப்பா கடைக்கும் நீயே போயிரு" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "அங்கே நீங்கதான் போகணும் டீச்சர்."

பிறந்ததிலிருந்து அந்தக் கடையில் நான் காசு கொடுத்து எதையும் வாங்கியதில்லை. அப்பா என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"என்ன வேணும்?"

"ஒரு கரண்டிப்பா."

எடுத்துக் கொடுத்தார். விலையைச் சொன்னார். ஒரு பைசா குறைக்கவில்லை. வாங்கிய காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். பிறகு, "அந்தப் பிள்ளையளச் சாப்பிட்டுட்டு வரச் சொல்லு, வேல கெடக்கு" என்றார். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன்.

அன்று மத்தியானத்துக்குள் தெருவில் புதுச் சண்டை. "அந்தப் பிள்ளைய என் கடைக்கு விடும் வே" என்று ஆளாளுக்கு நீமாவைக் கேட்டார்கள். கடைசியில் பாய்க்கடைக்கு என்று முடிவானது. ஆனால் தினமும் காலையில் அவள் எல்லாக் கடைக்கும் ஒரு நடை வந்து போக வேண்டும் என்று நிபந்தனை. ஒரு அண்ணாச்சி தன் காசையே அவள் கையில் ரகசியமாகத் திணித்து, தன் கடையிலேயே சோப்பு டப்பா வாங்க வைத்தார். சனிக்கிழமை பதினொரு படிவங்களிலும் கையெழுத்து விழுந்தது. நீமாவுக்கு அந்த வருடமே இடம் கிடைத்தது.

என்னை மன்னித்த தெருவுக்கும், என்னைக் காப்பாற்றிய என் மாணவிக்கும், திட்டாமல் இருந்த அப்பாவுக்கும் நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. சம்பளம் வாங்கியது நான், பாடம் நடத்தியது அவர்கள்.

நீமா பட்டம் முடித்து ஊருக்குப் போய், போன வருடம் ஒரு துணிக்கடை திறந்தாள். திறப்பு நாளன்று அப்பாவை வீடியோவில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, நீங்கதான் போணி" என்றாள். அப்பா குளித்து, திருநீறு பூசி, போன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நானும் ஆசையாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, நீ கொஞ்சம் பைய வெளிய போய் நில்லு. அந்தப் பிள்ளைக்குப் போணி ஆயிரட்டும்."

சொந்த வீட்டு வாசலில், உச்சி வெயிலில், செருப்பில்லாமல் நான் நின்றேன். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் கதவை உள்ளேயிருந்து தாழ்ப்பாள் வேறு போட்டாள்.