நாட்டிங்ஹாமில் பிறந்த எனோஸ்

"பொறந்த ஊரு?" என்று கேப்டன் ஸ்டாக்ஹவுஸ் கேட்டார். அவருடைய நடு ஸ்டம்ப் புல்லில் மல்லாந்து கிடந்தது. அதைச் சாய்த்த எனோஸ் ரூப் பந்தைத் துடைப்பதுபோல் நேரம் கடத்தினான்.

பிலடெல்பியாவில் அந்தக் கிரிக்கெட் கிளப்புக்கு ஒரு விதி உண்டு. இங்கிலாந்தில் பிறந்தவர்கள் மட்டுமே ஆடலாம். எனோஸ் பிறந்ததோ பக்கத்து ஜெர்மன்டவுனில், ஒரு காலுறைப் பட்டறையின் பின்கட்டில். அங்கே வேலை பார்த்த ஆங்கிலேயர்களிடம் பந்து வீசக் கற்றுக்கொண்டான். கடலைக்கூடப் பார்த்ததில்லை.

"நாட்டிங்ஹாம்ங்க."

கேப்டன் ஒரு கணம் தயங்கினார். "நானும் அங்கதான் தம்பி."

எனோஸ் முந்திக்கொண்டான். ஊர்ப் பேச்சை எடுத்தாலே தனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதனால் பேசுவதே இல்லை என்று சமாளித்தான். தனக்கும் அப்படித்தான் என்று கேப்டன் கைக்குட்டையை எடுத்தார்.

பேசத்தானே முடியாது, பாடலாமே என்று நினைத்தார் கிளப் தலைவர். இங்கிலாந்து ராணியின் பிறந்தநாள் விருந்தில் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாடும்படி எனோஸை எழுப்பிவிட்டார். அவனுக்குத் தெரிந்தது அம்மா பாடிய ஜெர்மன் தாலாட்டு ஒன்றுதான். அதையே பாடி, நாட்டிங்ஹாமின் ஆதிகாலப் பேச்சு என்று சொல்லிவைத்தான். அணி முழுக்கத் தொப்பியைக் கழற்றி எழுந்து நின்றது.

உருகிப்போன தலைவர் சும்மா இருக்கவில்லை. நியூயார்க் அணியோடு நடக்கும் ஆட்டத்துக்கு ஆற்றுக்கு அக்கரையில் வெகு காலமாகக் குடியிருக்கும் ஓல்டர்ஷா என்கிற நிஜமான நாட்டிங்ஹாம் கிழவரையே விருந்தாளியாக அழைத்துவிட்டார். அந்தப் பாட்டை அவர் கேட்க வேண்டுமாம்.

எனோஸுக்குத் தூக்கம் போயிற்று. அந்த ஆட்டத்துக்காகத்தான் வசந்தம் முழுக்கப் பட்டறைச் சுவரில் பந்தெறிந்து கொண்டிருந்தான்.

ஆட்டத்தன்று அவன் கொளுத்தும் வெயிலில் கம்பளித் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, குரல் போய்விட்டதாகச் சைகை காட்டினான். கேப்டனுக்கோ பல்வலி, தாடையைக் கட்டியிருந்தார். ஓல்டர்ஷாவும் அவர் மனைவி கெசையாவும் வண்டியிலிருந்து இறங்கியதும், மற்றவர்கள் ஏதோ அவசர வேலை வந்ததுபோல் மைதானத்தின் கோடிக்கு நடையைக் கட்டினார்கள். கேப்டன் எனோஸின் முதுகில் கை வைத்து, கிழவர் பக்கம் தள்ளிவிட்டுத் தானும் நழுவினார்.

மரத்தடி பெஞ்சில் தம்பதிகள் பன்றிக்கறியை வடாம்போல் மெல்லிசாக நறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாட்டிங்ஹாமில் எந்தத் தெரு என்றார் கிழவர். எனோஸ் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். முணுமுணுத்தாலும் போதும், அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்றார். வேறு வழியில்லாமல் முணுமுணுத்தான்.

"இது எங்க எதிர்வீட்டு ஜெர்மன் ரொட்டிக்காரி பாடுறதாச்சே?" என்றார் கிழவர்.

எனோஸ் கழுத்துத் துணியை அவிழ்த்தான். வியர்வை கொட்டியது.

"நான் ஜெர்மன்டவுன்காரன்ங்க. இந்த ஒரு ஆட்டம் மட்டும் ஆடிட்டு நானே விலகிடறேன். கேப்டன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, ஐயா. சொந்த ஊர்க்காரன்னு என்னை நம்பிட்டாரு. மனசு உடைஞ்சுடுவாரு."

கிழவர் மெல்வதை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். கெசையா கத்தியில் ஒட்டியிருந்த கடுகை வழித்துவிட்டு, மைதானக் கோடியை நிதானமாகப் பார்த்தாள்.

"அந்தத் தாடையக் கட்டின புள்ள கால் முன்னால வந்து பொறந்தது, இந்த ஆத்துக்கு அக்கரையில கேம்டன்ல. அவன் பின்னால ஒளியுற அத்தன பேருக்கும் பிரசவம் பாத்ததும் நான்தான்."