கொள்ளுத்தாத்தாவுக்கு மூன்று நாள் விடுப்பு

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொண்டது.

இங்கு நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் தம்பி மனைவி நலம். என்னைப் பற்றி இந்தக் கடிதத்தின் கடைசியில்தான் ஏதாவது சொல்ல முடியும். அத்தானின் கழுத்துவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். இதைப் படிக்கும்போது அவர் பக்கத்தில் இருந்தால் ஏதாவது வேலை சொல்லி உள்ளே அனுப்பிவிடு.

நீ சொன்னபடி செவ்வாய்க்கிழமை ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். நூலகத்தார் போடுகிற ஊர் வரலாற்று மலரில், பெருவெள்ளத்தன்று தன்னந்தனியாக மதகைத் திறந்து ஊரைக் காப்பாற்றிய மதகுக் காவலர் என்று நம் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி நீ ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டாய், ஆதாரமாக வெள்ளிக்கிழமைக்குள் ஒரே ஒரு நகல் வேண்டும், போனால் வாங்கி வந்துவிடலாம் என்றாய். போனேன். வாசலிலேயே குடையை வாங்கி வைத்தார்கள், பையை வாங்கி வைத்தார்கள், பிறகு என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்த காவலாளி, "பேனாவுக்கு உள்ள அனுமதி இல்ல சார், பென்சில்தான்" என்று அதையும் உருவிக்கொண்டு ஒரு பென்சிலை நீட்டினார். முப்பத்தாறு வருஷம் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தவனிடம் பேனாவைப் பிடுங்கினால் அவன் எப்படி நடப்பான்? ஒரு பக்கம் சாய்ந்தபடிதான் உள்ளே போனேன். அங்கே ஒரு படிவம். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் "அக்கா சொன்னாள்" என்று எழுதினேன். காப்பாளர் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், வாயே திறக்காமல் பேசக்கூடியவர், அதைப் படித்துவிட்டுப் படிவத்தில் முத்திரை குத்தினார். உள்ளே போய் நீர்ப்பாசன அலுவலகத்தின் பழைய வருகைப் பதிவேட்டைத் தலையணையில் வைத்துத் தூக்கி வந்தார். எனக்கு வீட்டில் அந்த மரியாதை கிடையாது.

அக்கா, இனிமேல் மெதுவாகப் படி. தண்ணீர் குடித்துவிட்டுக்கூடப் படிக்கலாம். வெள்ளம் வந்த தேதிக்கு நேராக விரலை ஓட்டிக்கொண்டே போனேன். கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு எதிரே "விடுப்பு" என்று இருந்தது. முந்தின நாளும் விடுப்பு. மறுநாளும் விடுப்பு. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் விடுப்புதான். குறிப்பில், அன்று மதகைத் திறந்தது பாலத்தில் பழுது பார்க்க வந்திருந்த ஒரு கொல்லர் என்று எழுதியிருக்கிறது. நம் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டச் சொன்ன கதை, அக்கா! நம் ஆள் ஊரிலேயே இல்லை! பிறகு காரணம் என்ற கட்டத்தைப் பார்த்தேன். "மனைவிக்குப் பிரசவம், தலைப்பிள்ளை" என்று இருந்தது. அந்தத் தலைப்பிள்ளை யார் என்று யோசித்துப் பார். நம் தாத்தா! வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அடுத்த கட்டம் கண்ணில் பட்டுவிட்டது. "அனுமதி" என்று தலைப்பு, கீழே வெறும் தாள். மற்ற எல்லாருடைய விடுப்புக்கும் கையெழுத்து இருக்கிறது, இவருக்கு மட்டும் இல்லை. வெள்ளத்தில் மேலதிகாரி எங்கே சிக்கிக்கொண்டாரோ, அப்புறம் மறந்தே போனார்களோ, நூறு வருஷத்துக்கு மேலாக அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கிறது. அனுமதியில்லாத விடுப்பு என்றால் கோப்புப் பாஷையில் என்ன அர்த்தம் தெரியுமா? ஓடிப்போனவர்! வலி எடுத்த பெண்டாட்டியைப் பார்க்கப் போன மனுஷனை, வெள்ளத்துக்குப் பயந்து ஓடினவர் என்று நாளைக்கு எவனாவது படிப்பானே என்று தோன்றியது. அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. மறுபடி பார்க்கும்போது அந்தக் கட்டத்தில் "மூன்று நாள் அனுமதிக்கப்பட்டது" என்று எழுதி, கீழே என் சுருக்கொப்பம், அதன் கீழே செவ்வாய்க்கிழமை தேதி. என் கைதான் போட்டது, அக்கா. என்னைக் கேட்கவில்லை.

"சார், என்ன எழுதுறீங்க?" என்று காப்பாளர் எழுந்து வந்தார்.

"ஒண்ணுமில்லம்மா, ஒரு லீவு பாஸ் பண்ணினேன்."

"யாருக்கு சார்?"

"கொள்ளுத்தாத்தாவுக்கு."

அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு தொலைபேசி இருக்கிற பக்கம் நடந்தார். நான் வாசல் பக்கம் நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. குடை, பை, பேனா எல்லாம் அங்கேயே இருக்கின்றன, படிவத்தில் வீட்டு விலாசமும் இருக்கிறது. இரண்டு நாளாக அழைப்பு மணி அடித்தால் குளியலறைக்குள் போய்விடுகிறேன். உன் தம்பி மனைவி, "பென்சில்ல போட்டதுக்கு யாரு வந்து புடிச்சுட்டுப் போகப்போறா? பேசாம சாப்பிடுங்க" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? பென்சில் ஒப்பமும் தணிக்கையில் ஒப்பம்தான். ஓய்வுபெற்றவன் அதிகாரமில்லாமல் விடுப்பு அனுமதித்தால் எத்தனை வருஷம் உள்ளே வைப்பார்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே அக்கா, மனசைத் தேற்றிக்கொண்டு அந்தப் பக்கத்தை நூலகத்தாரிடமிருந்து திரும்ப வாங்கிவிடு. ஊரெல்லாம் சொல்லிவைத்த உன்னிடம் இதை எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் தவித்துவிட்டேன். எனக்கு அவர்மேல் மதிப்பு குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. மதகைத் திறக்க யாரோ ஒரு கொல்லர் கிடைத்தார். அந்தப் பிரசவ வீட்டுக்கு அன்று வேறு யார் போயிருப்பார்கள்?

அத்தானுக்கு வணக்கம். மருமகனுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள், அவர்கள் எந்தத் தாளைக் கண்டாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் புத்தியோடு நெடுநாள் வாழட்டும்.

இப்படிக்கு,
இன்னும் வெளியில் இருக்கும் உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மணி அடித்தது. காப்பாளர்! குளியலறையில் உன் தம்பி மனைவி இருந்ததால் நானே திறக்க வேண்டியதாயிற்று. குடையையும் பையையும் பேனாவையும் கொடுத்துவிட்டு, "ஏன் சார் ஓடிட்டீங்க? உங்க அக்கா மூணு வாரம் முன்னாடியே வந்து அந்தப் பக்கத்தப் பாத்துட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. என் தம்பிய அனுப்பறேன், காலிக் கட்டத்தப் பாத்தா அவன் கை சும்மா இருக்காது, கண்டுக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. உங்களுக்கு நகல் எடுத்துத் தரச் சொல்லி போன் பண்ணத்தான் எழுந்தேன்" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "ஆனா விதிப்படி அழிக்கணும் சார், அழிச்சிடட்டுமா?" என்று கேட்டார். ஒருமுறை அனுமதித்த விடுப்பை ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை, என் மேலதிகாரியான அக்காவின் உத்தரவு எழுத்தில் வந்தாக வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். நீ பதிலே போடாதே, அக்கா.