கருகிய வடையும் பூகம்பம் அண்ணனும்

பூமிக்கு எங்கே லேசாக விக்கல் எடுத்தாலும் முதலில் எழுந்து உட்காருகிற மனிதர் எங்கள் பூகம்பம் அண்ணன்தான்.

இலங்கை மலையகத்தில், உடப்புசல்லாவை ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பது அவர் வேலை. தராசு முள்ளையே பார்த்துப் பார்த்து, எது ஆடினாலும் நேரம் குறிக்கிற வியாதி வந்துவிட்டது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், தன் வீட்டுக் கூரையில் நூல் கட்டி ஒரு நீள ஆணியைத் தொங்கவிட்டு, அடியில் தட்டு நிறையத் தேயிலைத் தூள் பரப்பியிருப்பார். ஆணி தூளைக் கீறினால் பூமி ஆடியதாக நோட்டில் ஏறும்.

ஒரு தீபாவளிக் காலை, தலையில் எண்ணெய் வடிய, "வெளிய வாங்க, பூமி ஆடுது!" என்று லயம் முழுக்க ஓடினார். எல்லோரும் அடித்துப்பிடித்து வெளியே வந்தோம். ஒரு தகரம்கூட அசையவில்லை. அடுப்பில் கிடந்த வடைகள்தான் கரியாகின. அன்றிலிருந்து அவர் வாயைத் திறந்தாலே, "அண்ணே, வடைய எறக்கிறவா?" என்று கேட்பார்கள். அவர் மனைவியே கேட்டபோதுதான் மனிதர் நொந்துபோனார்.

போன வருடம் நுவரெலியா ஹோட்டல் ஒன்றில், பூமியதிர்ச்சியின் சக்தி பற்றி விஞ்ஞானிகள் மாநாடு. மொழிபெயர்க்க என்னை அழைத்திருந்தார்கள். நோட்டோடு அண்ணனும் பஸ் ஏறிவிட்டார்.

"தம்பி, அந்தத் தீவாளிக்கு ஆடுனது நெசமா இல்லையான்னு இன்னைக்குத் தெரிஞ்சிறணும்!"

கேள்வி நேரத்தில் அவர்தான் முதலில் எழுந்தார். "ஒரு சின்ன ஆட்டத்துச் சக்தியில எத்தன கிலோ கொழுந்த மலை உச்சிக்கு ஏத்தலாங்க?" மொழிபெயர்க்கும்போதே எனக்குக் காது சுட்டது. மேடையிலிருந்த பேராசிரியை அம்மாளோ பேனாவை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்! அத்தனை சக்திக்கு ஏற்ற உங்கள் தோட்டத்துக் கொழுந்து மொத்தமும் போதாது என்றார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

தேநீர் இடைவேளையில் அந்த அம்மாள் நோட்டைப் புரட்டினார். "தினமும் காலை ஆறேகாலுக்கு ஆடுகிறதே, அப்போது அங்கே என்ன நடக்கும்?"

"ஒண்ணும் இல்லீங்களே" என்றார் அண்ணன். "பெக்டரியில கொழுந்து உருட்டுற ரோலர் மிஷின் ஓட ஆரம்பிக்கும், அம்புட்டுத்தான்."

சொன்னவர் அப்படியே நின்றார். பெக்டரி எங்கள் லயத்தின் பின்சுவரை ஒட்டியே இருக்கிறது. பிறந்ததிலிருந்து கேட்கிற இரைச்சல் எங்களுக்கு இரைச்சலாகவே படவில்லை. நோட்டு முழுக்க எழுதியிருந்தது ரோலர் ஆட்டம்! அண்ணன் முகம் செத்துப்போயிற்று.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "அண்ணே, தீபாவளிக்குப் பெக்டரி பூட்டுதானே!"

அந்தப் பக்கத்தைக் காட்டினோம். அம்மாள் கணினியைத் திறந்தார். அதே நாள், அதே நிமிடம், ஆள் உணராத அளவுக்கு ஒரு சிறு அதிர்வு!

அண்ணன் போனை எடுத்து மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினார். "ஏ புள்ள! அன்னைக்கு ஆடுனது நெசந்தான்!" மறுமுனையில் என்ன சொன்னார்களோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அந்தத் தீபாவளியில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். இனி அண்ணன் ஒரு குரல் கொடுத்தால் போதும், கையிலிருக்கிற வடையைப் போட்டுவிட்டு ஓடுவேன்.